நசீம் யாரோடு கப்பல் ஏறுவாள்

பினாங்கு
12-1-1956

ஆரிபா அக்காவுக்கு, உங்கள் தம்பி பெண்சாதி மெஹர்னிசா ஸலாம் சொல்லி எழுதுவது. நாங்கள் இருவரும் சுகம். அங்கே நீங்களும் உங்கள் மகன் முஸ்தபாவும் என் மகள் நசீம் பானுவும் சுகமாக இருக்கிறீர்களா?

கப்பலை விட்டு இறங்கி இரண்டு மாதம் ஆகப்போகிறது. இதற்குள் எழுதி எழுதிக் கிழித்துப் போட்ட காகிதம் எத்தனையோ. எழுத உட்கார்ந்தால் புலம்பலாகத்தான் வந்தது. அதை அனுப்பினால் "நாந்தான் அப்பவே சொன்னேனே" என்பீர்கள் என்று விட்டுவிட்டேன்.

உங்கள் தம்பி வேலை பார்க்கும் ஜவுளிக்கடைக்கு மேலேயே எங்களுக்கு ஓர் அறை. அறை என்றால் பலகைத் தடுப்புதான். பக்கத்துத் தடுப்பில் இருமினால் எனக்குத் தொண்டை கமறுகிறது. மாடியில் இருக்கும் எல்லாக் குடும்பத்துக்கும் சேர்த்து ஒரு குழாய், ஓர் அடுப்படி. விறகு கிடையாது, கரி அடுப்பு. முதல் வாரம் சோறு ஒருநாள் குழைந்தது, மறுநாள் தீய்ந்தது. உங்கள் தம்பி ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார். ஒன்றும் சொல்லாமல் இருப்பது அவருக்குக் கைவந்த கலை, உங்களுக்குத் தெரியாததா.

போன வாரம் அவர் கடையில் இருந்த நேரம், உப்பு வாங்கத் தனியாகக் கீழே இறங்கினேன். இங்கே தெருவில் எல்லாக் கடைக்கும் ஒரே மாதிரி முகப்பு, ஒரே மாதிரித் தூண். திரும்பி வரும்போது எங்கள் வாசல் எதுவென்று தெரியவில்லை. யாரைக் கேட்பது, எந்த பாஷையில் கேட்பது? நடுத்தெருவில் நின்று அழுதேன் அக்கா, சின்னப் பிள்ளை மாதிரி. பக்கத்து வீட்டுச் சீனத்தி பார்த்துவிட்டு, கையைப் பிடித்துக் கூட்டிவந்து படியில் விட்டாள்.

அழுததற்கு வழி தெரியாதது ஒரு சாக்கு. நசீம் பக்கத்தில் இல்லாததுதான் காரணம். இடம் பார்த்து அமர்ந்ததும் அழைத்துக்கொள்கிறோம் என்று சொல்லித்தானே அவளை உங்களிடம் விட்டு வந்தோம். அமர்ந்துவிட்டோம். இங்கே கடை வைத்திருக்கும் நம்மூர் அமானுல்லா பாய் ஊருக்கு வந்திருக்கிறார். நோன்புப் பெருநாள் கழிந்து பெண்சாதியோடு திரும்புகிறார். அவர்களோடு நசீமை அனுப்பி வையுங்கள். முஸ்தபாவுக்குத்தான் நசீம் என்று உங்கள் தம்பி கொடுத்த வாக்கில் மாற்றம் இல்லை. இரண்டு மூன்று வருஷம் என்னோடு இருந்துவிட்டு வரட்டும் என்றுதான் கேட்கிறேன்.

இப்படிக்கு
மெஹர்னிசா


பழவேற்காடு
2-2-1956

மெஹர்னிசாவுக்கு ஆரிபாவின் ஸலாம்.

இரண்டு மாதம் கழித்தாவது எங்கள் நினைப்பு வந்ததே, சந்தோஷம். சீனத்தி கையைப் பிடித்துக்கொண்டு நீ கடைத்தெருவில் வந்த கதை உன் கடிதத்துக்கு முன்னாலேயே ஊருக்கு வந்துவிட்டது. அமானுல்லா பெண்சாதிக்கு அங்கிருந்து யாரோ எழுதியிருக்கிறார்கள். அவள் தெரு முழுக்கச் சொல்லி முடித்துவிட்டாள். உன் மாமனார் இருந்த காலத்தில் நம் வீட்டுப் பெண்கள் பக்கத்துத் தெருவுக்குப் போனாலும் திரை கட்டிய வண்டியில்தான் போனோம். போகட்டும், போன இடத்து வழக்கம் அது.

இங்கே எல்லாரும் நலம். ஏரியில் இந்த வருஷம் இறால் நன்றாக விழுகிறது. முஸ்தபா காட்டுப்பள்ளிப் பக்கம் சவுக்குத் தோப்பு குத்தகைக்கு எடுத்திருக்கிறான். விறகு வெட்டிக் கால்வாய் வழியாகப் படகில் பட்டணத்துக்கு அனுப்புகிறான். வாரத்தில் பாதி நாள் தோப்பிலேயே படுக்கை. வீட்டுக்கு வந்தாலும் வாசலில் நின்று செருமிவிட்டுத்தான் காலை உள்ளே வைக்கிறான். செருமல் கேட்டதும் நசீம் அடுப்படிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறாள். பேசி வைத்த மாப்பிள்ளையும் பெண்ணும் ஒரே வீட்டில் இருந்தாலும் ஊர் வாயில் விழாதபடி நான் பார்த்துக்கொள்கிறேன்.

நசீமை அனுப்பு என்கிறாயே, யாரோடு கப்பல் ஏறுவாள்? அமானுல்லா அவளுக்கு யார்? அப்பனா, அண்ணனா, தாய்மாமனா? நிக்காஹ் செய்ய ஆகாத உறவு ஒன்று துணைக்கு இல்லாமல், வயசுக்கு வந்த பெண்ணைக் கடல் தாண்டி அனுப்புகிற வழக்கம் நம் வீட்டில் கிடையாது. என் தம்பி வந்து கூட்டிப் போகட்டும், நான் குறுக்கே நிற்கவில்லை.

உன் மகள் வேளைக்குச் சாப்பிடுகிறாள், வேளைக்குத் தூங்குகிறாள். அதைப் பற்றிக் கவலைப்படாதே.

ஆரிபா


பினாங்கு
25-2-1956

ஆரிபா அக்காவுக்கு, ஸலாம்.

உங்கள் தம்பி வந்து கூட்டிப் போகட்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் ஊருக்கு வந்தால் கடையில் அவர் இடத்துக்கு வேறு ஆள் வந்துவிடும். திரும்பி இறங்க அனுமதி கிடைக்குமா என்பதும் நிச்சயமில்லை. இப்போதெல்லாம் சர்க்காரில் கெடுபிடி அதிகம். இது உங்களுக்கும் தெரியும். தெரிந்துதான் அப்படி எழுதினீர்கள் என்று நினைக்கிறேன். தப்பாக நினைத்திருந்தால் மன்னியுங்கள். நசீமுக்கு இந்த வருஷம் பதினைந்து நிறைகிறது. வயசு ஏற ஏற, பிள்ளை என்று சொல்லி அனுமதி வாங்குவது கஷ்டம் என்கிறார்கள். அவளைப் படம் பிடித்து அனுப்புங்கள் என்று உங்கள் தம்பி எழுதினாராம், நீங்கள் பதிலே போடவில்லையாம்.

நடுவில் எனக்கு ஒரு வாரம் காய்ச்சல். அவர் காலையில் கடைக்கு இறங்கினால் இரவுதான் மேலே வருவார். தண்ணீர் எடுத்துத் தர ஆள் இல்லாமல் கிடந்தேன். அந்தச் சீனத்திதான் கஞ்சி கொண்டுவந்தாள். குடிக்கலாமா கூடாதா என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். அவள் புரிந்துகொண்டு, அரிசியையும் உப்பையும் கையில் கொண்டுவந்து காட்டி, அடுப்படியில் என் பாத்திரத்திலேயே மறுபடி காய்ச்சினாள். அவர்கள் வருஷப் பிறப்புக்கு ஆரஞ்சுப் பழம் கொடுத்தாள். நான் வட்டலப்பம் செய்து கொடுத்தேன். இப்போது மீன் வாங்க நானே போகிறேன். மீனுக்கு இங்கே இக்கான் என்று பெயர். விலை கேட்கத் தெரியும், அதிகம் என்று சொல்லத் தெரியும், வேண்டாம் என்று நடக்கவும் தெரியும். நடந்தால் கூப்பிட்டுக் குறைத்துத் தருகிறார்கள். அமானுல்லா பாய் பெண்சாதியிடம் இதையும் சொல்லுங்கள், தெருவுக்குச் சொல்லட்டும்.

ஊரும் பழகிவிட்டது, கரி அடுப்பும் பழகிவிட்டது. மகள் இல்லாதது மட்டும் பழகவில்லை. உங்கள் தம்பியிடம் சொன்னால், "அக்கா சொல்றதும் நாயந்தானே" என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறார்.

உங்கள் கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். சாப்பிடுகிறாள், தூங்குகிறாள் என்று இருக்கிறது. அவள் கையால் ஒரு வரி இல்லை. அவள் எழுதக் கேட்கவில்லையா, நீங்கள் விடவில்லையா? அம்மாவிடம் போகிறாயா என்று அவளை ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். கேட்கப் பயமாக இருந்தால் அதையாவது எழுதுங்கள். நீங்கள் என்ன சொன்னாலும் பெற்றவள் நான்தான் அக்கா.

மெஹர்னிசா


பழவேற்காடு
20-3-1956

மெஹர்னிசாவுக்கு,

பெற்றவள் என்று எழுதிவிட்டாய். நன்றாக எழுதினாய். உனக்குப் பதில் எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். சொல்ல வேண்டிய செய்தி ஒன்று இருக்கிறது, அதனால் எழுதுகிறேன்.

வருகிற ஏப்ரல் ஆறாம் தேதி வெள்ளிக்கிழமை, ஜும்மா தொழுகை முடிந்து நசீமுக்கும் முஸ்தபாவுக்கும் நிக்காஹ். நோன்பு பிறப்பதற்கு முன்னால் முடித்துவிடலாம் என்று ஏற்பாடு. என் தம்பி சம்மதம் எழுதி, தனக்குப் பதிலாக அமானுல்லாவை நின்று நடத்தச் சொல்லி அனுப்பிவிட்டான். உன்னிடம் சொன்னானா இல்லையா எனக்குத் தெரியாது. ஒன்றும் சொல்லாமல் இருப்பது அவனுக்குக் கைவந்த கலை என்று நீதானே எழுதினாய். ஆரணிக்கு ஆள் அனுப்பிக் கல்யாணச் சாமான் எல்லாம் வந்து இறங்கிவிட்டது. இனிமேல் யாரோடு கப்பல் ஏறுவாள் என்ற பேச்சும் இல்லை. புருஷன் இருக்கிற இடம்தான் அவள் இடம்.

இப்போது உன் பேச்சுக்கு வருகிறேன். நசீம் பிறந்தபோது நீ எங்கே இருந்தாய்? என் வீட்டில், என் கட்டிலில், ஜன்னி கண்டு, பெற்றது ஆணா பெண்ணா என்று தெரியாமல் கிடந்தாய். உனக்குத் தாய் இல்லை, அதனால்தான் தலைப்பிரசவத்துக்கு என் வீட்டுக்கு வந்தாய். பிள்ளைக்கு ஆட்டுப்பால் கொடுத்தோம் என்று எல்லாரும் உன்னிடம் சொன்னார்கள். நீயும் நம்பினாய். ஆட்டுப்பாலை அது இரண்டு நாளாகக் கக்கிக் கொண்டிருந்தது. கத்தக்கூடத் தெம்பில்லாமல் பூனைக்குட்டி மாதிரி முனகியது. என் கைப்பிள்ளை சபியாவை நான் கபரடிக்கு அனுப்பி அப்போது பத்து நாள் ஆகவில்லை. எனக்கு மார் கட்டிக்கொண்டு உயிர் போகிறது, பக்கத்து அறையில் ஒரு பிள்ளை பாலுக்கு முனகுகிறது. என்ன செய்வேன் என்று நினைக்கிறாய்?

"புள்ளைய மண்ணுக்குக் குடுத்தவ பாலு இன்னொரு புள்ளைக்கு ஆவாது" என்று என் மாமியார் தடுத்தார். அவருக்குத் தெரியாமல் கதவைச் சாத்திக்கொண்டு கொடுத்தேன். மருத்துவச்சி கன்னியம்மா மட்டும் காவல் இருந்தாள். ஆட்டுப்பால் கிண்ணத்தைத் தினமும் ஜன்னல் வழியாகக் கொட்டினோம். என் சபியா குடிக்க வேண்டியதைக் குடித்து வளர்ந்தவள் நசீம். சபியா உயிரோடு இருந்திருந்தால் இரண்டு பேரும் பால்குடி சகோதரிகளாக ஒரே பாயில் தூங்குவார்கள். உன் காய்ச்சல் விட்டு நீ கண் விழித்துக் கை நீட்டியபோது அவள் உன் கைக்கு மாறியதும் வீறிட்டு அழுது, என்னிடம் வந்த பிறகுதான் அடங்கினாள். இத்தனை வருஷமும் இதை நான் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்ல வைத்தது நீ.

பெற்றவள் நீதான். இல்லை என்று நான் சொல்லவில்லை. பிழைக்க வைத்தவள் நான். துஆ செய்துகொள்.

ஆரிபா


தந்தி
பினாங்கு, 28-3-1956

நிக்காஹ் நிறுத்தவும். விவரம் கடிதத்தில். மெஹர்னிசா.


பினாங்கு
28-3-1956

ஆரிபா அக்கா,

தந்தி கிடைத்திருக்கும். கோபத்தில் அடித்த தந்தி என்று நினைத்திருப்பீர்கள். இல்லை. இந்தக் கடிதத்தைத் தனியாக உட்கார்ந்து முழுக்கப் படியுங்கள்.

உங்கள் கடிதத்தை அடுப்படியில் நின்றுகொண்டே படித்தேன். ஜன்னலில் கொட்டிய கிண்ணம் வரை வந்ததும் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். என் பிள்ளைக்கு நீங்கள் செய்ததை இத்தனை வருஷம் நான் அறியவே இல்லை. முதலில் வந்தது நன்றிதான் அக்கா. உங்கள் காலைப் பிடித்து அழ வேண்டும் போல் இருந்தது. இதை நம்புங்கள். கொஞ்ச நேரம் கழித்துத்தான் அடுத்தது உறைத்தது. உங்களுக்கு அது தோன்றவே இல்லையா?

கீழ்த்தெருவில் பெண்பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுக்கும் அம்மா ஒருவர் இருக்கிறார், காரைக்கால் பக்கத்துக்காரர். பெயர் சொல்லாமல் அவரிடம் கேட்டேன். கூடப் பால் குடித்த பிள்ளைக்கு மட்டும்தானே பால்குடி உறவு, ஆறு வயசு மூத்த பையனுக்கு என்ன வந்தது என்று கேட்டேன். நானும் அப்படித்தான் கேள்விப்பட்டிருந்தேன். அவர் தலையை ஆட்டினார். "பால் குடுத்தவ தாய். அவ வயித்துல பொறந்ததெல்லாம் கூடப் பொறந்தது. முன்னாடி பொறந்தது, பின்னாடி பொறந்ததுன்னு பாக்கறதில்ல" என்றார்.

அக்கா, முஸ்தபா நசீமுக்கு அண்ணன்.

உங்கள் தம்பியிடம் கடிதத்தை நீட்டினேன். படித்துவிட்டு மடித்து என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். என்னிடம் சொல்லாமல் சம்மதம் எழுதியதைப் பற்றிச் சண்டை போட நிறைய வைத்திருந்தேன், அவர் முகத்தைப் பார்த்ததும் ஒன்றும் கேட்கவில்லை. "அக்காவுக்கு எழுது. நான் எழுதுனா நாயமா இருக்காது" என்றார். அதனால் நானே எழுதுகிறேன்.

ஓதிக் கொடுக்கும் அம்மா இன்னொன்றும் சொன்னார். ஒன்றிரண்டு வேளை ஆபத்துக்குக் கொடுத்திருந்தால் நம் மத்ஹப் சட்டத்தில் அந்த உறவு சேராதாம். வெவ்வேறு வேளையாக ஐந்து தடவையாவது பிள்ளை வயிறு நிறையக் குடித்திருக்க வேண்டுமாம். எத்தனை வேளை கொடுத்தீர்கள் என்று எனக்குத் தெரியாது. நான் ஜன்னியில் கிடந்தேன். தெரிந்தவர் நீங்களும் கன்னியம்மாவும்தான்.

இரண்டு வேளைதான் என்று நீங்கள் எழுதினால் நான் நம்புவேன். நிக்காஹ் நடக்கட்டும், நசீம் உங்களோடு இருக்கட்டும், மறுபேச்சு பேசமாட்டேன். அவளை என்னிடம் இழுத்துக்கொள்ள இதைப் பிடித்துக்கொண்டேன் என்று மட்டும் நினைக்காதீர்கள். சத்தியமாக, இந்த வழியில் ஜெயிக்க எனக்கு ஆசை இல்லை. ஆனால் எழுதப் போகிறதை யோசித்து எழுதுங்கள். அந்த இரண்டு பிள்ளைகளுக்கும் ஒன்றும் தெரியாது.

வெள்ளிக்கிழமைக்குள் இது உங்கள் கைக்கு வர வேண்டுமே என்று பயந்துகொண்டே தபாலில் சேர்க்கிறேன்.

மெஹர்னிசா


பழவேற்காடு
7-4-1956

என் தங்கச்சி மெஹர்னிசாவுக்கு ஆரிபாவின் ஸலாம்.

நேற்று வெள்ளிக்கிழமை கழிந்துவிட்டது. நிக்காஹ் நடக்கவில்லை.

உன் தந்தியை நான் யாருக்கும் காட்டவில்லை. அரிசிப் பானைக்கு அடியில் வைத்துவிட்டுப் பந்தல்காரனுக்கு இடம் காட்டினேன். கடைசி நேரத்தில் காலைப் பிடித்து இழுக்கப் பார்க்கிறாள் என்றே நினைத்தேன். புதன்கிழமை சாயங்காலம் கடிதம் வந்தது. நீ சொன்னபடி தனியாகத்தான் படித்தேன்.

எனக்குத் தோன்றவே இல்லையா என்று கேட்டிருந்தாய். சபியாவோடு அந்த உறவும் கபருக்குள் போய்விட்டது என்றுதான் நினைத்திருந்தேன். முஸ்தபா அப்போது தெருவில் கோலி விளையாடிக் கொண்டிருந்தவன், அவனுக்கும் அந்தப் பாலுக்கும் முடிச்சு இருக்கும் என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. என் வீட்டுக்காரர் மவுத்தாகி நான் தனித்து நின்ற சமயம் என் தம்பி வந்து, நசீம் உன் வீட்டுக்குத்தான் என்று சொன்னபோது, என் பிள்ளை என்னிடமே திரும்பி வருகிறது என்ற சந்தோஷத்தில் யாரையும் கேட்கவும் இல்லை.

பேனாவை எடுத்து இரண்டு வேளைதான் என்று எழுதினேன். எழுதினேன் மெஹர்னிசா, மறைக்கவில்லை. எழுதிவிட்டுக் கன்னியம்மாவைக் கூட்டிவரச் சொன்னேன். கிழவிக்கு இப்போது கண் சரியாகத் தெரிவதில்லை. விஷயத்தைச் சொன்னேன். "நீ இன்னா சொல்றியோ அதாம்மா, நான் வாயத் தொறக்க மாட்டேன்" என்றாள். எனக்கு மூச்சு வந்தது. அவள் எழுந்து போகும்போது திரும்பி நின்று, "ஆனா அந்தக் கொழந்த ஒரு மாசமும் உன் மார்ல மூஞ்ச வெச்சிக்கினுதான் தூங்கிச்சி. உன் கையில இருந்து வாங்கி ஒருநாளும் நான் கீழ போட்டதில்ல. அத மட்டும் எப்பிடி மறக்கறதுன்னு தெரியல" என்றாள்.

அந்தக் காகிதத்தை அடுப்பில் போட்டேன். ஒரு மாதத்துக்கு மேல் இரவும் பகலும் கொடுத்தேன். ஐந்து வேளை எந்த மூலைக்கு. இதை இமாமிடமும் திரைக்குப் பின்னால் நின்று என் வாயால் சொன்னேன். அமானுல்லா பெண்சாதி தெருவுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறாள், சொல்லட்டும்.

முஸ்தபாவிடமும் அன்று இரவே சொன்னேன். அப்படியே தோப்புக்குப் போய்விட்டான். வியாழக்கிழமை முழுக்கச் சோறு அனுப்ப அனுப்பத் திரும்பி வந்தது. பெற்ற மகனைத் தலைகுனிய வைத்துவிட்டேனே என்று எனக்குத் தூக்கம் இல்லை. நேற்று, நிக்காஹ் நடந்திருக்க வேண்டிய அதே நேரத்துக்கு, ஜும்மா முடிந்து வீட்டுக்கு வந்தான். செருமவில்லை. நேராக உள்ளே வந்து உட்கார்ந்தான். "நசீமு, பசிக்குது" என்றான். அடுப்படிக் கதவு திறந்தது. அவளே வந்து அவனுக்குச் சோறு போட்டாள். சாப்பிட்டு முடித்துவிட்டு என்னிடம் சொன்னான்: "அமானுல்லா பாய்க்குச் சொல்லி அனுப்பு. அவங்க போற கப்பல்ல எங்க ரெண்டு பேருக்கும் சீட்டு எடுக்கட்டும். தொணைக்கு ஆளு இல்லன்னு நீதான சொல்லிக்கினு இருந்தே. அண்ணங்காரன் இருக்கச்சொல்ல இன்னாத்துக்கு வேற ஆளு?"

உன்னிடம் விட்டுவிட்டு, அதே கப்பல் திரும்பும்போது அவனும் வந்துவிடுவான். அனுமதிக்குப் படம் பிடிக்க நாளை இருவரும் பொன்னேரிக்குப் போகிறார்கள்.

அவள் பெட்டியைக் கட்டலாம் என்று போனேன். கட்டுவதற்கு ஒன்றும் இல்லை. நீ போன நாளில் இருந்து அவள் துணிகளை என் அலமாரியில் வைக்கவே இல்லை. தினமும் பெட்டியில் இருந்து எடுத்துக் கட்டி, துவைத்து, மடித்துப் பெட்டியிலேயே வைத்திருக்கிறாள். ஒரே வீட்டில் இருந்துகொண்டு நான் அதைப் பார்க்கவில்லை. நீ கேட்ட கேள்வியை நான் அவளிடம் கேட்கவில்லை என்பது நிஜம். அந்தப் பெட்டியைப் பார்த்த பிறகு கேட்க வேண்டியதும் இல்லை.

கப்பலில் அவளுக்குத் தலை சுற்றும், எலுமிச்சை ஊறுகாய் கொடுத்துவிடுகிறேன். இருட்டில் தனியாகப் படுக்கமாட்டாள். அந்தச் சீனத்திக்குக் கருவாடு பிடிக்குமா என்று கேட்டு எழுது.

இன்று காலை தலை வாரிவிட உட்கார வைத்தேன். திரும்பிப் பார்க்காமலே கேட்டாள்: "இனிமே உன்ன இன்னான்னு கூப்டறது அத்தை?"

அத்தைன்னே கூப்டு என்று சொல்லிவிட்டேன். இந்த வீட்டில் வைத்து அவள் ஒரு தடவை என்னை அம்மா என்று சொல்லிவிட்டால், பிறகு அவளைக் கப்பல் ஏற்ற என்னால் ஆகாது மெஹர்னிசா. உன்னிடம் வந்து சேர்ந்த பிறகு, கடிதத்தில் வேண்டுமானால் எழுதச் சொல்.

ஆரிபா